பெட்டிக்காரர்களும் சுயேச்சைகளும்

தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டி. கைக்கு அடக்கமாக ஒரு கருவி. பிள்ளைகள் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் சாப்பாட்டு நினைவே வருவதில்லை. கன்சோல் என்று அதற்குப் பெயர். இந்தப் பெட்டியைச் செய்து உலகம் முழுவதும் விற்கும் பெரிய கம்பெனிகள் மூன்றே மூன்று. ஜப்பானில் நின்டெண்டோ, சோனி, அமெரிக்காவில் மைக்ரோசாப்ட்.

பெட்டி மட்டும் இருந்து என்ன பிரயோஜனம்? கொட்டகை கட்டிவிட்டால் போதுமா, படம் வேண்டாமா? பெட்டிக்குள் ஓடுவதற்கு விளையாட்டுகள் வேண்டும். அவற்றில் சிலவற்றைக் கம்பெனிகள் தாமே தயாரிக்கின்றன. இன்னும் பலவற்றைக் கோடிக்கணக்கில் பணம் போட்டு, நூற்றுக்கணக்கான ஆட்களை வைத்துப் பெரிய ஸ்தாபனங்கள் தயாரிக்கின்றன. மூன்றாவது ரகம் ஒன்று உண்டு. இரண்டு பேர், மூன்று பேர், சில சமயம் ஒரே ஓர் ஆள், வீட்டு அறையில் உட்கார்ந்து, சேமிப்பைக் கரைத்து, வருஷக்கணக்கில் பாடுபட்டு ஒரு விளையாட்டை உருவாக்குகிறார்கள். எந்தக் கட்சியின் சீட்டும் இல்லாமல் தேர்தலில் நிற்பவரைச் சுயேச்சை என்பது வழக்கம். இவர்களும் சுயேச்சைகளே. ஆங்கிலத்தில் செல்லமாக ‘இண்டி’ என்கிறார்கள்.

இந்தச் சுயேச்சைகளை இன்று மூன்று கம்பெனிகளும் வாயாரப் புகழ்கின்றன. மேடையில் ஏற்றுகின்றன. தங்கள் கலையபிமானத்துக்கு அவர்களையே சாட்சியாகக் காட்டுகின்றன. நல்லதுதான். ஆனால் இந்த அன்பு எப்போது பிறந்தது, எதனால் பிறந்தது என்று கொஞ்சம் விசாரித்துப் பார்க்க வேண்டாமா? விசாரித்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரிகிறது. பெட்டி விற்காத நாளில் சுயேச்சை மாப்பிள்ளை. பெட்டி அமோகமாக விற்கும் நாளில் அவரே வேண்டாத விருந்தாளி. கடந்த நாற்பது வருஷச் சரித்திரம் இதைத்தான் சொல்கிறது.

பெயர் போடாத பாவம்

கதை அட்டாரியில் தொடங்குகிறது. 1970-களின் இறுதியில் அமெரிக்காவில் விளையாட்டுப் பெட்டி என்றால் அட்டாரிதான். அதற்கு விளையாட்டுகள் எழுதியவர்கள் அந்தக் கம்பெனியின் சம்பளக்காரர்கள். எத்தனை லட்சம் பிரதிகள் விற்றாலும் அவர்களுக்கு மாதச் சம்பளத்துக்கு மேல் காலணா கிடையாது. பணம் போகட்டும், பெயராவது போட்டார்களா? அதுவும் இல்லை. அட்டைப் பெட்டியில் அட்டாரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். ஆக்கியவர் யார் என்பது ஊருக்குத் தெரியாது.

வாரன் ராபினெட் என்பவர் ‘அட்வென்ச்சர்’ என்ற விளையாட்டை எழுதினார். யாருக்கும் தெரியாமல் அதற்குள் ஓர் இரகசிய அறையைக் கட்டி, அந்த அறைக்குள் தம் பெயரை எழுதி வைத்துவிட்டார். முதலாளிகளுக்கே தெரியாது. 1980-இல் விளையாட்டு கடைக்கு வந்த பிறகு விளையாடிய ஒரு சிறுவன் அதைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினான். அதற்குள் ராபினெட் வேலையை விட்டுப் போயிருந்தார். கோயில் தூணில் சிற்பி தன் உருவத்தைச் சின்னதாகச் செதுக்கிவிட்டுப் போவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். டேவிட் க்ரேன், ஆலன் மில்லர், பாப் வைட்ஹெட், லாரி கப்லான். அட்டாரியின் வருமானத்தில் பெரும் பங்கு தங்கள் நால்வர் கைவேலையால் வருகிறது என்று கணக்குப் பார்த்து, தலைவரிடம் போய்ப் பங்கு கேட்டார்கள். தொழிற்சாலையில் வரிசையில் நின்று சாமானைச் சேர்க்கும் தொழிலாளிக்கு மேல் நீங்கள் ஒன்றும் உசத்தியில்லை என்ற பொருளில் பதில் வந்ததாக க்ரேன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து அல்லவா அது அவமரியாதை? நால்வரும் வெளியேறி, 1979-இல் ஆக்டிவிஷன் என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அட்டாரியின் பெட்டிக்கே விளையாட்டு எழுதி, அட்டாரியிடம் கேட்காமலே விற்றார்கள். ஆக்கியவரின் பெயரையும் போட்டார்கள். அட்டாரி வழக்குத் தொடுத்தது. 1982-இல் சமரசம் ஆயிற்று. ஆக்டிவிஷன் ஒரு பங்குத் தொகை கொடுப்பது, விளையாட்டுகளைத் தொடர்ந்து விற்பது என்று முடிந்தது. பெட்டி ஒருவருடையது, விளையாட்டு இன்னொருவருடையது என்ற முறை சட்டப்படி நிலைத்தது அப்போதுதான்.

பூட்டும் சாவியும்

வழி திறந்ததும் நல்லவர்கள் மட்டுமா வந்தார்கள்? வந்தவன் போனவன் எல்லாம் விளையாட்டு என்ற பெயரில் குப்பையைக் கொட்டினான். கடைகளில் சரக்கு தேங்கியது. ஜனங்கள் அலுத்துப் போனார்கள். 1983-இல் அமெரிக்காவில் அந்தத் தொழிலே படுத்துவிட்டது. விற்காத சரக்கை அட்டாரி நியூ மெக்சிகோ பாலைவனத்தில் குழி தோண்டிப் புதைத்தது. கட்டுக்கதை என்றுகூட வெகுகாலம் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2014-இல் தோண்டிப் பார்த்தார்கள். இருந்தது!

இந்தப் பாடத்தை நன்றாகக் கற்றுக்கொண்டது நின்டெண்டோ. 1985-இல் அமெரிக்காவுக்குள் வந்தபோது பெட்டிக்குள் ஒரு பூட்டு வைத்துக்கொண்டு வந்தது. பெட்டியில் ஒரு சில்லு, விளையாட்டுக் கார்ட்ரிட்ஜில் ஒரு சில்லு. இரண்டும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டால்தான் விளையாட்டு ஓடும். அந்தச் சாவிச் சில்லு நின்டெண்டோவிடம் மட்டுமே உண்டு. ஆகவே கார்ட்ரிட்ஜையும் அங்கேயே செய்துகொள்ள வேண்டும், முன்பணம் கட்டியாக வேண்டும். விற்காவிட்டால் நஷ்டம் எழுதியவருக்கு. வருஷத்துக்கு ஐந்து விளையாட்டுக்கு மேல் ஒரு கம்பெனி வெளியிடக் கூடாது. வெளியிட்டதை இரண்டு வருஷம் வேறு பெட்டிக்குக் கொடுக்கக் கூடாது. கொனாமி என்ற ஜப்பானியக் கம்பெனி ஐந்து போதாமல் ‘அல்ட்ரா’ என்று இன்னொரு பெயரில் கிளை வைத்துக்கொண்டது. அட்டாரி கேம்ஸ் என்ற கம்பெனி கள்ளச்சாவி போட்டுப் பார்த்தது. 1992-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது தவறென்றே சொல்லிவிட்டது.

பூட்டே கூடாது என்று வாதிப்பவர்கள் உண்டு. அது சரியல்ல. 1983-ஐப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வாசலில் ஒருவர் நின்று டிக்கெட் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் காவல்காரர் டிக்கெட்டைப் பார்க்க வேண்டுமே தவிர, வருகிறவரின் மடியைத் தடவிப் பார்க்கக் கூடாது. அந்தக் காலத்தில் வீட்டில் உட்கார்ந்து எழுதும் ஒரு தனி ஆள் அந்த வாசலை எட்டிப் பார்ப்பதற்குக்கூட வழியில்லை.

1994-இல் சோனி பிளேஸ்டேஷனோடு வந்தது. அது புதிதாக வந்த கடை. வாடிக்கை பிடிக்க வேண்டிய அவசியம் அதற்கு. கார்ட்ரிட்ஜுக்குப் பதில் குறுந்தகடு போட்டதால் பிரதி எடுக்கும் செலவும் வெகுவாகக் குறைந்தது. விளையாட்டுக் கம்பெனிகள் நின்டெண்டோவை விட்டுச் சாரி சாரியாக அங்கே போனதில் ஆச்சரியம் இல்லை. தனி மனிதர்களுக்காகவும் சோனி ஒன்று செய்தது. ‘நெட் யாரோஸே’ என்ற கறுப்புப் பெட்டி. 1996-இல் ஜப்பானிலும், அடுத்த வருஷம் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் தபால் மூலம் விற்றார்கள். விலை சுமார் 750 டாலர். யாரோஸே என்றால் ஜப்பானிய மொழியில் ‘வா, செய்வோம்’ என்று பொருள். அதில் வீட்டிலேயே விளையாட்டு எழுதிப் பழகலாம். ஆனால் எழுதியதைக் கடையில் விற்கச் சாதாரணமாக வழி இல்லை. ஆடச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு மேடையை மட்டும் தரவில்லை.

ஒரு திருத்தத்துக்கு 40,000 டாலர்

மேடை கிடைத்தது இன்டர்நெட் வந்த பிறகுதான். விளையாட்டைத் தகட்டில் அச்சடித்துக் கடைக்கு அனுப்பும் செலவே இல்லை என்று ஆனதும், சிறியவர்களுக்கு ஒரு சந்து திறந்தது. அதை முதலில் அகலப்படுத்தியது மைக்ரோசாப்ட் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2004-இல் தொடங்கிய ‘எக்ஸ்பாக்ஸ் லைவ் ஆர்கேட்’ என்ற கடை, அடுத்த வருஷம் எக்ஸ்பாக்ஸ் 360 வந்ததும் சூடு பிடித்தது. சோனிக்குப் பின்னால் வந்த கம்பெனி அல்லவா? புதுச் சரக்கு அதற்கு வேண்டியிருந்தது.

2008-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ‘ப்ரெய்ட்’ வந்தது. ஜோனதன் ப்ளோ என்ற மனிதர் சுமார் 2 லட்சம் டாலர் சொந்தப் பணத்தைப் போட்டு உருவாக்கிய விளையாட்டு. காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் புதிர்களை அவிழ்க்க வேண்டும். அதற்குள் ஒரு பிரிவுத் துயரமும் மறைந்திருக்கும். விமர்சகர்கள் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார்கள். விற்பனையும் பிரமாதம். தனி ஒருவர் செய்வது விளையாட்டுப் பிள்ளை வேலை என்று இருந்த எண்ணம் அன்றோடு போயிற்று. 2010-இல் எட்மண்ட் மெக்மில்லன், டாமி ரெபினஸ் என்ற இருவர் செய்த ‘சூப்பர் மீட் பாய்’ வந்தது. 2012-இல் கனடாவில் பில் பிஷ்ஷின் ‘பெஸ்’. இவர்கள் பட்ட பாட்டை அதே வருஷம் வந்த ‘இண்டி கேம்: தி மூவி’ என்ற படத்தில் காணலாம். குறித்த தேதிக்குள் முடிக்கத் தூக்கமில்லாமல் உழைத்த ரெபினஸ், வெளியீட்டு நாள் காலையில் பெட்டியைத் திறந்து பார்க்கிறார். கடையின் முகப்பில் அவருடைய விளையாட்டைக் காணோம். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள்.

மைக்ரோசாப்டின் கதவு திறந்திருந்தது உண்மை. ஆனால் படி உயரம். விளையாட்டை வெளியிடுமுன் பரிசோதனை உண்டு. அது நியாயம். வெளியிட்ட பிறகு ஒரு பிழையைத் திருத்தினால் மறுபடி பரிசோதனை. முதல் திருத்தம் இலவசம், அடுத்ததற்குக் கட்டணம். எவ்வளவு? ஒரு திருத்தத்துக்கு 40,000 டாலர் ஆகும் என்று டிம் ஷேபர் என்ற அனுபவஸ்தர் 2012-இல் வெளிப்படையாகச் சொன்னார். பெரிய கம்பெனிக்கு இது வெற்றிலை பாக்குச் செலவு. இரண்டு பேர் கம்பெனிக்கோ ஒரு வருஷச் சாப்பாடு.

‘பெஸ்’ விளையாட்டுக்கு அந்த வருஷம் ஒரு திருத்தம் வெளியிட்டார்கள். நூற்றில் ஒருவருக்கும் குறைவான ஆட்டக்காரர்களுக்கு, அதுவரை ஆடிச் சேர்த்த கணக்கு அதனால் அழிந்தது. திருத்தத்தைத் திருத்த வேண்டுமானால் பல்லாயிரம் டாலர் கட்ட வேண்டும். பில் பிஷ்ஷின் கம்பெனி யோசித்துப் பார்த்துவிட்டு, பிழையோடு இருக்கிற திருத்தத்தையே மறுபடி வைத்துவிட்டது. வேறு வழியில்லை என்று காரணத்தையும் பகிரங்கமாகச் சொன்னது. ஆட்டக்காரர்களுக்குக் கோபம். யார் மீது கோபப்படுவது? சட்டையில் கிழிசல் இருக்கிறது, தைத்துத் தருகிறேன் என்று தையற்காரர் சொல்கிறார். தைப்பதற்குக் கடைக்காரர் அபராதம் கேட்கிறார். இப்படி ஒரு விதியை எழுதியவர்கள், சிறியவர்கள் வருவார்கள் என்று நினைத்தே பார்க்காதவர்கள்.

அந்தக் கட்டணத்தை 2013-இல் எடுத்துவிட்டார்கள். அந்த வருஷத்தில் வேறு என்ன நடந்தது என்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும். அதற்கு முன் நின்டெண்டோ பக்கம் ஒரு நடை போய் வர வேண்டும்.

வீட்டில் வேலை செய்யக் கூடாதா?

நின்டெண்டோவின் ‘வீ’ என்ற பெட்டி 2006-இல் வந்து சக்கைப்போடு போட்டது. 2008-இல் சிறியவர்களுக்காக ‘வீவேர்’ என்ற கடையையும் திறந்தார்கள். இரண்டு பேர் செய்த ‘வேர்ல்ட் ஆப் கூ’ அதில் வந்து புகழ் பெற்றது. கடை நல்ல கடைதான். ஆனால் நிபந்தனைகள்! விளையாட்டின் அளவு 40 மெகாபைட்டுக்கு மேல் போகக் கூடாது. குறிப்பிட்ட ஆயிரம் பிரதிகள் விற்றுத் தீரும்வரை எழுதியவருக்குப் பணம் வராது. அதாவது, 3,000 பிரதி விற்றவருக்குப் பூஜ்யம், அந்தப் பணம் கடைக்கு! இதற்கு மேலே ஒன்று. விளையாட்டு எழுதுபவர் வீட்டில் உட்கார்ந்து எழுதக் கூடாது. தனியாக, பத்திரமான ஓர் ஆபீஸ் வேண்டும்.

கார் நிறுத்தும் கொட்டடியில் உட்கார்ந்து விளையாட்டு செய்கிறவர்களோடு வியாபாரம் வைத்துக்கொள்ள இப்போது உத்தேசம் இல்லை என்று நின்டெண்டோவின் அமெரிக்கக் கிளைத் தலைவர் ரெஜி பில்ஸ் ஏமே 2011-இல் சொன்னார். பெட்டி நன்றாக விற்ற காலத்துப் பேச்சு அது. மறு வருஷம் வந்த ‘வீ யூ’ பெட்டி படுதோல்வி. அப்புறம் என்ன? ஆபீஸ் நிபந்தனை போயிற்று. முதல் பிரதியிலிருந்தே பணம் என்று ஆயிற்று. 2017-இல் ‘ஸ்விட்ச்’ வந்தபோது நின்டெண்டோவே சுயேச்சைகளுக்கு ‘நிண்டீஸ்’ என்று செல்லப் பெயர் சொல்லிக் கொஞ்சியது.

அந்த வருஷம் ஸ்விட்ச் பெட்டியில் மிக அதிகமாக இறங்கிய விளையாட்டு எது தெரியுமா? ‘ஸ்டார்டியூ வேலி’. நிலத்தை உழுது, விதைத்து, நீர் பாய்ச்சி, கிராமத்து மனிதர்களோடு பழகி வாழும் விளையாட்டு. எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர், படமும் பாட்டும் கதையும் தாமே செய்து, நான்கு வருஷத்துக்கு மேல் வீட்டில் உட்கார்ந்து ஆக்கினார். வயிற்றுப்பாட்டுக்கு சியாட்டில் நகரத்து அரங்கு ஒன்றில் டிக்கெட் பார்த்து இடம் காட்டும் வேலையும் செய்தார். 2011-ஆம் ஆண்டு விதிப்படி அவர் நின்டெண்டோ வாசலில் நிற்கவே லாயக்கில்லாதவர்!

மேடை ஏறிய எட்டுப் பேர்

இப்போது 2013-க்கு வரலாம். அந்த வருஷம் சோனியும் மைக்ரோசாப்டும் புதுப் பெட்டிகளைக் கொண்டுவந்தன. முந்தைய சுற்றில் சோனிக்குப் பலத்த அடி. பிளேஸ்டேஷன் 3 விலை அதிகம், அதற்கு விளையாட்டு எழுதுவதும் கடினம் என்று பெயர் எடுத்துவிட்டது. அந்த அடியில் சோனிக்குப் பணிவு வந்தது.

பணிவின் அடையாளங்கள் முன்பே தெரிந்தன. ஜெனோவா சென், கெல்லி சான்டியாகோ என்ற இரு மாணவர்கள் தொடங்கிய கம்பெனியோடு மூன்று விளையாட்டுகளுக்கு ஒப்பந்தம் செய்து, அவர்கள் போக்கில் விட்டிருந்தது சோனி. மூன்றாவதான ‘ஜர்னி’ 2012-இல் வந்து பரிசுகளை அள்ளியது. அதை முடிப்பதற்குள் அந்தக் கம்பெனி திவாலாகும் நிலைக்கு வந்துவிட்டதைச் சென்னே பிறகு சொன்னார் என்பதையும் மறக்கக் கூடாது. தவிர, ‘பப் பண்ட்’ என்ற திட்டத்தில் சோனி முன்பணம் கொடுத்தது. விளையாட்டின் உரிமை எழுதியவருக்கே. கொஞ்ச காலம் சோனி பெட்டியில் மட்டும் ஓட வேண்டும், அவ்வளவுதான். இதற்கென்று 2011-இல் 2 கோடி டாலர் ஒதுக்கியதாக அறிவிப்பு வந்தது. மூன்று கம்பெனிகளும் இதுவரை செய்தவற்றில் நேர்மையான ஏற்பாடு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்ல வேண்டும்.

2013 பிப்ரவரியில் பிளேஸ்டேஷன் 4 அறிமுகக் கூட்டம் நியூயார்க்கில் நடந்தது. மேடையில் வந்து நின்றவர்களில் ஒருவர் ஜோனதன் ப்ளோ. ஆம், 2008-இல் மைக்ரோசாப்ட் கடையில் ‘ப்ரெய்ட்’ விற்ற அதே ப்ளோ! ஜூன் மாதம் 10-ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் நகரில் இன்னொரு கூட்டம். சோனியின் ஆடம் பாய்ஸ் பேசினார். பின்னால் எட்டுச் சிறு குழுக்களின் ஆட்கள் வரிசையாக நின்று தங்கள் விளையாட்டுகளைத் தாங்களே ஆடிக் காட்டினார்கள். குடும்பஸ்தனாக வேஷம் போட்ட ஆக்டபஸ் கதையான ‘ஆக்டோடாட்’, காட்டில் பட்டினியோடு போராடும் ‘டோன்ட் ஸ்டார்வ்’ எல்லாம் அந்த வரிசையில் இருந்தன. கோடிகளைக் கொட்டி எடுத்த விளையாட்டுகளின் நடுவே இவர்களுக்கு நடுமேடை.

மைக்ரோசாப்ட் என்ன செய்தது? முதல் சுற்றில் சுயேச்சைகளை வாழவைத்த கம்பெனி, இப்போது எக்ஸ்பாக்ஸ் ஒன் பெட்டியில் யாரும் தாமாக வெளியிட முடியாது, ஒரு பிரசுரக் கம்பெனி மூலம்தான் வர வேண்டும் என்றது. வெற்றி தலைக்கேறியதன் விளைவு. ‘ஆட்வேர்ல்ட்’ விளையாட்டுகளைப் படைத்த லார்ன் லானிங் இதைப் பகிரங்கமாகக் கண்டித்தார். பத்திரிகைகள் இரு கம்பெனிகளையும் ஒப்பிட்டு எழுதின. ஜூலை 24-ஆம் தேதி மைக்ரோசாப்ட் குட்டிக்கரணம் போட்டது. இனி யாரும் தாமே வெளியிடலாம். ஆகஸ்டில் ஜெர்மனியில் ‘ஐடி அட் எக்ஸ்பாக்ஸ்’ என்ற திட்டத்தை அறிவித்தது. தேர்ந்தெடுத்தவர்களுக்கு விளையாட்டு எழுதும் பெட்டிகள் இரண்டு இலவசம். பாராட்ட வேண்டிய திட்டம்தான். ஆனால் அதன் மூலையில் ஒரு முள். வேறு பெட்டியில் வெளியிடுவதாக இருந்தால் அதே நாளில் எக்ஸ்பாக்ஸிலும் வெளியிட வேண்டும் என்றது ஒப்பந்தம். ஒரே நேரத்தில் இரண்டு பெட்டிக்கு எழுத மூன்று பேர் கம்பெனிக்கு எத்தனை கை? கூச்சல் கிளம்பிய பிறகுதான் அந்த முள் மெல்ல மழுங்கியது.

சில வாரங்களில் நடந்த இந்த மனமாற்றம் கலையபிமானத்தால் வந்தது என்று யாராவது நம்பினால் நம்பட்டும்.

நல்ல மனிதரும் நல்ல விதியும்

இதற்கெல்லாம் நடுவே ஓர் உண்மையை விட்டுவிடக் கூடாது. கம்பெனிகளுக்குள் சில நல்ல மனிதர்கள் இருந்தார்கள். நின்டெண்டோவில் டான் ஆடல்மன் சிறியவர்களுக்காக வருஷக்கணக்கில் வாதாடினார். சோனியின் ஐரோப்பியக் கிளையில் ஷாஹித் கமால் அகமத். அவர் 1980-களில் தாமே வீட்டில் உட்கார்ந்து விளையாட்டு எழுதியவர். சிறு படைப்பாளிகளைத் தேடிப் போய், விளையாட்டை எங்கள் பெட்டிக்கும் கொண்டுவாருங்கள் என்று அழைத்தவர். ஆடம் பாய்ஸ் அமெரிக்காவில். மைக்ரோசாப்டில் கிறிஸ் சார்லா. சுயேச்சைகளிடம் போய்க் கேட்டால் கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டார்கள். இந்த மனிதர்களின் பெயரைத்தான் சொல்வார்கள். தொலைபேசியை எடுத்துப் பேசுகிற ஓர் ஆள் இருக்கிறார் என்பதே அவர்களுக்குப் பெரிய பலம்.

ஆடல்மன் 2014-இல் வெளியேறினார். ஷாஹித் 2015-இல். பாய்ஸ் 2016-இல். கலெக்டர் மாற்றலாகிப் போனால் ஊரில் என்ன நடக்கும் என்பது வாசகர்களுக்குத் தெரியாததா? அவர் வாய்ச்சொல்லால் நடந்ததெல்லாம் நின்றுவிடும். அவர் எழுத்தில் போட்டுவிட்டுப் போன உத்தரவு மட்டும் நடக்கும். இங்கேயும் அப்படியே. பிழை திருத்தக் கட்டணம் இல்லை, முதல் பிரதிக்கே பணம், வீட்டில் உட்கார்ந்து எழுதலாம், தாமே வெளியிடலாம் என்று விதியாக மாறியவை இன்றும் நிற்கின்றன. மேடையில் ஏற்றுவதும், முகப்பில் படம் போடுவதும், தேடி வந்து பணம் கொடுப்பதும் அவ்வப்போதைய தயவு. தயவை நம்பி வீட்டை அடமானம் வைக்கலாமா? வைத்தவர்கள் இருக்கிறார்கள். ‘கப்ஹெட்’ செய்த மோல்டன்ஹவர் சகோதரர்கள் வீட்டை மறு அடமானம் வைத்தார்கள். 2017-இல் வெளிவந்து இரண்டே வாரத்தில் 10 லட்சம் பிரதி விற்றது. ஜெயித்தவர் கதை ஊர் முழுவதும் தெரியும். தோற்றவர் வீடு ஏலம் போன கதையை யார் எழுதுகிறார்கள்?

இட்டிலியும் புட்டும்

திறந்த வாசலால் என்ன லாபம் என்பதற்குத் தமிழர்கள் தூரத்தில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 2023 ஜூலை 31-ஆம் தேதி ‘வெண்பா’ என்ற விளையாட்டு வந்தது. ஆக்கியது கனடாவின் டொராண்டோ நகரில் உள்ள ‘விசை கேம்ஸ்’ என்ற சின்னஞ்சிறு கம்பெனி. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குப் போய்க் குடியேறிய வெண்பா, பாவலன் தம்பதி. அவர்கள் மகன் கவின். தாயார் கொடுத்த பழைய சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விடுபட்டதை ஊகித்து இட்டிலி அவிக்க வேண்டும், புட்டு வேகவைக்க வேண்டும். இதுதான் விளையாட்டு! சமையலுக்கு நடுவே, தமிழ் பேச வெட்கப்படும் பிள்ளையும், அதைப் பார்த்து வாயடைத்துப் போகும் தாயும். ஆடி முடித்தவர்களில் ஊருக்குத் தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிட்டவர்கள் நிச்சயம் இருப்பார்கள்.

அந்த விளையாட்டு நின்டெண்டோ, சோனி, மைக்ரோசாப்ட் மூன்று பெட்டியிலும் ஒரே நாளில் வந்தது. மறு வருஷம் பிரிட்டனின் பாப்டா பரிசுகளில் சிறந்த முதல் படைப்பு என்ற பரிசைப் பெற்றது. வருஷத்துக்கு ஐந்துதான் என்ற விதி இருந்த நாளில், அந்த ஐந்தில் ஒன்றை இட்டிலித் தட்டுக்குக் கொடுக்க எந்த முதலாளி முன்வந்திருப்பார்?

கண்ணாடிப் பெட்டியில் இடம்

ஆகவே எல்லாம் சுபம் என்று எழுதிவிடலாமா? முடியவில்லை. கதவு திறந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாள்தோறும் புதுச் சரக்கு வந்து இறங்குகிறது. அதில் நல்லது எது, பிறரைக் காப்பியடித்த போலி எது என்று பிரிப்பாரில்லை. நின்டெண்டோ கடையில் இந்தக் குப்பை பற்றிப் புகார் ஓயவில்லை. கடைக்குள் நுழைவது இப்போது கஷ்டமில்லை. கண்ணாடிப் பெட்டியில் இடம் பிடிப்பதுதான் கஷ்டம். அந்த இடத்தை யாருக்குக் கொடுப்பது என்பதற்கு வெளியில் தெரிகிற விதி எதுவும் கிடையாது. நூற்றுக்கு 30 பங்கு வாங்கிக்கொள்கிற கடைக்காரர், எந்த அடிப்படையில் சரக்கை முன்னால் வைக்கிறார் என்று சொல்லக் கடமைப்பட்டவர் அல்லவா? சுயேச்சைகள் இன்று ஒன்றுகூடிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

மைக்ரோசாப்ட் 2017-இல் ‘கேம் பாஸ்’ என்ற மாதச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. சந்தா கட்டியவர் அதிலுள்ள விளையாட்டுகளையெல்லாம் ஆடலாம். விளையாட்டை அதில் சேர்க்கக் கம்பெனி முன்கூட்டியே ஒரு தொகை கொடுக்கிறது. ‘வெண்பா’வும் முதல் நாளிலிருந்தே அதில் இருந்தது. விற்குமோ விற்காதோ என்று தூக்கமில்லாமல் புரளும் படைப்பாளிக்கு அந்தத் தொகை அமிர்தம். தொகை எவ்வளவு என்பதோ கம்பெனியின் மனசு. அடுத்த வருஷம் அந்த மனசு சுருங்கினால், சந்தாவில் வருமென்று காத்திருந்து பழகிய ஜனங்கள் தனியாகக் காசு கொடுத்து வாங்குவார்களா?

2025 ஜூனில் நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வெளிவந்தது. பழைய ஸ்விட்ச் 15 கோடிக்கு மேல் விற்று முடித்த பிறகு வந்த பெட்டி. சுயேச்சைகள் கைகொடுத்துத் தூக்கிய பெட்டியின் வாரிசு. புதுப் பெட்டிக்கு விளையாட்டு எழுத வேண்டிய கருவியைக் கேட்டால் கிடைப்பதில்லை, பழைய பெட்டிக்கே எழுதுங்கள், புதியதிலும் அது ஓடும் என்று பதில் வருகிறது என்று அந்த வருஷம் ஆகஸ்டில் சில படைப்பாளிகள் குறைப்பட்டுக்கொண்ட செய்தி வெளியாயிற்று. மறு மாதம் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரத்து மூன்று பேர் குழு, ஏழு வருஷம் உழைத்த ‘சில்க்சாங்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. கூட்டம் தாங்காமல் நின்டெண்டோ கடையும் சோனி கடையும் சற்று நேரம் ஸ்தம்பித்து நின்றன.